டிரான்சிஸ்டர் பெருக்கியில் இரைச்சலும் நேரியல்பும்: ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றொன்றைப் பெற வேண்டுமா?

மிக நலிந்த சமிக்ஞையையும் அதனருகே நிற்கும் மிக வலிய சமிக்ஞையையும், ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடாதவாறு, ஒரே பெருக்கி கையாள முடியுமா என்ற கேள்வி டிரான்சிஸ்டரைவிட மூத்தது. நெடுந்தொலைவுத் தொலைபேசித் தடங்களில் வால்வுப் பெருக்கிகள் வரிசையாக நிறுத்தப்பட்ட 1920களிலேயே அது எழுந்துவிட்டது. நலிந்த சமிக்ஞைக்குப் பகை இரைச்சல். அது பெருக்கியின் உறுப்புகளிலேயே பிறந்து சமிக்ஞையோடு கலக்கும் ஒழுங்கற்ற மின்னசைவு. வலிய சமிக்ஞைக்குப் பகை திரிபு. உள்ளீட்டின் அளவுக்கு நேர் விகிதத்தில் வெளியீடு செல்லாமல் வளைந்துபோவதால் இல்லாத அதிர்வெண்கள் புதிதாகத் தோன்றுவதை அச்சொல் குறிக்கிறது. நேர் விகிதம் வழுவாமல் இருக்கும் பண்பே நேரியல்பு எனப்படுகிறது. இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட பரப்பு, அதாவது பெருக்கியின் இயங்கு வீச்சு, எதனால் தீர்மானிக்கப்படுகிறது என்பதில் பொறியாளர்கள் பல முகாம்களாகப் பிரிந்தே விடை சொல்லி வந்திருக்கின்றனர்.

பாடநூல்களில் பெரும்பாலும் காணப்படும் விடை, இரைச்சலைக் குறைத்தால் திரிபு கூடும், திரிபைக் குறைத்தால் இரைச்சல் கூடும் என்பதாகும். அந்த விடை ஒரு குறிப்பிட்ட சுற்றமைப்புக்குப் பொருந்துகிறதே தவிர, இயற்கை விதி என்ற தகுதியை அதற்கு அளிக்க முடியுமா என்பது ஐயத்துக்குரியது.

இரைச்சலின் அடித்தளம்

மின்னோட்டம் தனித்தனி எலெக்ட்ரான்களின் வருகையால் ஆனது என்பதால் அதில் ஷாட் இரைச்சல் எனப்படும் தவிர்க்க முடியாத ஏற்ற இறக்கம் உண்டு என்பதை வால்டர் ஷாட்கி 1918இல் எடுத்துக்காட்டினார். மின்தடைகளில் வெப்பத்தால் எழும் இரைச்சலை பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்ததும், அதற்கான கோட்பாட்டை நைக்விஸ்ட் தந்ததும் 1928இல் வெளியாயின. அறை வெப்பநிலையில் 1,000 ஓம் மின்தடை ஒன்று ஒரு ஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில் ஏறத்தாழ 4 நானோவோல்ட் இரைச்சலைத் தருகிறது. இரைச்சல் மின்னழுத்தம் மின்தடையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், 1 நானோவோல்ட் என்பது சுமார் 60 ஓமுக்குச் சமம்.

இருமுனை டிரான்சிஸ்டரில் இந்த இரு வகைகளும் சந்திக்கின்றன. ஏற்பான் மின்னோட்டம் 1 மில்லிஆம்பியராக இருக்கும்போது அதன் உமிழ்ப்பானுக்குள் தெரியும் உள்மின்தடை சுமார் 26 ஓம். ஆனால் ஏற்பான் மின்னோட்டத்தின் ஷாட் இரைச்சலை உள்ளீட்டுக்குக் கொண்டுவந்து கணக்கிட்டால் அது அந்த மதிப்பில் பாதியான 13 ஓம் மின்தடையின் வெப்ப இரைச்சலுக்கே ஈடாகிறது. மின்னோட்டத்தைக் கூட்டினால் இந்தப் பங்கு இன்னும் குறையும். ஆனால் அடிவாய் மின்னோட்டமும் உடன் கூடுவதால், சமிக்ஞை மூலத்தின் மின்தடை வழியே அது வேறொரு இரைச்சலை எழுப்புகிறது. இரண்டும் சமமாகும் மூல மின்தடையே உகந்தது. மின்னோட்டப் பெருக்கம் 100 உள்ள டிரான்சிஸ்டருக்கு 1 மில்லிஆம்பியரில் அது சுமார் 260 ஓம் ஆகும். அடிவாயின் உள்மின்தடையைப் புறக்கணித்தால், அந்நிலையில் சமிக்ஞை-இரைச்சல் விகிதத்தில் நேரும் இழப்பு, அதாவது இரைச்சல் எண், வெறும் 0.4 டெசிபெல். குறை இரைச்சல் என்பது டிரான்சிஸ்டரின் தனிப்பண்பு என்பதைவிட, மூலத்துக்கும் டிரான்சிஸ்டருக்கும் இடையிலான பொருத்தத்தின் பண்பு என்பதே சரி.

வளைவு எங்கிருந்து வருகிறது

இருமுனை டிரான்சிஸ்டரின் ஏற்பான் மின்னோட்டம் அடிவாய்-உமிழ்ப்பான் மின்னழுத்தத்தை அடுக்குக்குறிச் சார்பாகப் பின்தொடர்கிறது. அதன் அளவுகோல் அறை வெப்பநிலையில் சுமார் 26 மில்லிவோல்ட். இந்த ஒரே எண்ணிலிருந்து பல முடிவுகள் பெறப்படுகின்றன. உச்சம் 1 மில்லிவோல்ட் மட்டுமே உள்ள சமிக்ஞை கூட, பின்னூட்டமற்ற தனி டிரான்சிஸ்டரில் ஏறத்தாழ 1 விழுக்காடு இரண்டாம் சீரிசைத் திரிபை, அதாவது இரு மடங்கு அதிர்வெண்ணில் தோன்றும் திரிபை, உண்டாக்குகிறது. இரு டிரான்சிஸ்டர்களை எதிரெதிராக இணைத்த வேறுபாட்டு இணையில் இரண்டாம் சீரிசை சமச்சீரால் அழிந்து மூன்றாவது மட்டுமே எஞ்சுவதால், அதே 1 விழுக்காட்டை எட்ட 18 மில்லிவோல்ட் வரை செல்லலாம்.

வானொலித் துறையில் மூன்றாம் வரிசைத் திரிபுக்கே முதன்மை தரப்படுகிறது. அண்டை அதிர்வெண்களில் உள்ள இரு வலிய நிலையங்கள் கலந்து, கேட்க வேண்டிய நலிந்த நிலையத்தின் மீதே விழும் இடைப்பண்பேற்ற விளைபொருளை உருவாக்குவதும், வடிகட்டியால் அதை நீக்க இயலாமல் போவதும் இதற்குக் காரணம். விளைபொருளின் அளவும் சமிக்ஞையின் அளவும் கற்பனையாகச் சமமாகும் உள்ளீட்டு நிலைக்கு மூன்றாம் வரிசை வெட்டுப்புள்ளி என்று பெயர். வெறும் டிரான்சிஸ்டருக்கு இது உச்ச அளவில் 73 மில்லிவோல்ட். 50 ஓம் அமைப்பில், 1 மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் அளவான டிபிஎம்மில், மைனஸ் 12.7. இதில் மின்னோட்டம் எங்கும் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மின்னோட்டத்தை எவ்வளவு கூட்டினாலும், மின்னழுத்தத்தால் இயக்கப்படும் வெறும் டிரான்சிஸ்டரின் வளைவு மாறுவதில்லை.

உமிழ்ப்பானில் ஒரு மின்தடை

மிகப் பழைய மருந்து, உமிழ்ப்பானுடன் தொடராக ஒரு மின்தடையை இணைத்து அதன் மூலம் உள்ளூர்ப் பின்னூட்டம் தருவதாகும். இரைச்சலுக்கும் நேரியல்புக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் என்ற கருத்து இங்கிருந்துதான் வலுப்பெற்றது. சேர்க்கப்படும் மின்தடை நேரே சமிக்ஞைப் பாதையில் நிற்பதால், அதன் வெப்ப இரைச்சல் முழுவதும் உள்ளீட்டில் சேர்ந்துவிடுகிறது.

ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நேர்கோட்டில் செல்வதில்லை. சேர்க்கும் மின்தடை உமிழ்ப்பான் உள்மின்தடையின் சரிபாதியாக இருக்கும்போது, கணக்கின்படி மூன்றாம் வரிசைத் திரிபு முற்றிலும் மறைகிறது. 1 மில்லிஆம்பியரில் அந்த மதிப்பு 13 ஓம். அதாவது டிரான்சிஸ்டரின் ஷாட் இரைச்சலுக்கு ஈடான அதே 13 ஓம். திரிபை அழிக்கும் மின்தடை, டிரான்சிஸ்டரின் ஷாட் இரைச்சலுக்குச் சமமான இரைச்சலைக் கொண்டுவருகிறது. 3 டெசிபெல் விலைக்கு இதைவிட மலிவான பேரம் எளிதில் கிடைக்காது. நடைமுறையில் மூல மின்தடை, அடிவாய் மின்தேக்குத்திறன், வெப்பநிலை மாற்றம் ஆகியவை இந்தச் சுழிப் புள்ளியை நகர்த்திவிடுகின்றன. சமிக்ஞை பெரிதாகும்போது ஐந்தாம் வரிசைத் திரிபு மேலெழுகிறது. வடிவமைப்பாளர்கள் சுழியை நம்பாமல், அதைத் தாண்டிப் பல மடங்கு பெரிய மின்தடையை வைப்பது வழக்கமானதற்கு இவையே காரணம்.

சுழி ஏன் தோன்றுகிறது என்பதில்தான் பிற்காலச் சர்ச்சைகள் பலவற்றின் திறவுகோல் உள்ளது. பின்னூட்டம் இரண்டாம் வரிசை விளைபொருளை உள்ளீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. அது அங்கே மூலச் சமிக்ஞையோடு மீண்டும் கலந்து புதிய மூன்றாம் வரிசைப் பொருளைப் பிறப்பிக்கிறது. பாதி மதிப்பில் இப்புதிய பொருள் பழையதை அழிக்கிறது. மின்தடை அதைவிடப் பெரிதானால் எஞ்சும் திரிபு அக்கலவையிலிருந்தே வருகிறது. அதிர்வெண்ணைச் சார்ந்த இத்தகைய கலவைகளை வோல்ட்டெரா தொடர் கொண்டு டிரான்சிஸ்டருக்குக் கணித்துக் காட்டிய எஸ். நாராயணனின் ஆய்வு 1967இல் பெல் நிறுவன ஆய்விதழில் வெளிவந்தது.

முழுப் பின்னூட்டமும் அதன் எதிர்ப்பாளர்களும்

வெளியீட்டின் ஒரு பகுதியை எதிர்க்குறியில் உள்ளீட்டுக்குத் திருப்பி, பெருக்கத்தை இழந்து நேரியல்பைப் பெறும் எண்ணம் பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக்குக்கு 1927 ஆகஸ்டில் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் தோன்றியதாக வரலாறு கூறுகிறது. 1928இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது. 1932இல் நைக்விஸ்ட் வகுத்த நிலைப்பு விதியும், பின்னர் போடே வகுத்த எல்லைகளும் வந்த பிறகே, பின்னூட்டம் அலைவுறாமல் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பது தெளிவாயிற்று. இரைச்சலைப் பொறுத்தவரை பின்னூட்டம் நடுநிலையானது: அது சமிக்ஞையையும் இரைச்சலையும் ஒரே விகிதத்தில் குறைப்பதால், விகிதம் அப்படியே நிற்கிறது, பின்னூட்டப் பாதையிலுள்ள மின்தடைகளின் இரைச்சல் மட்டுமே கூடுதல் சுமை. அந்த மின்தடைகளைச் சிறிதாக்கலாம். ஆனால் அப்போது வெளியீட்டு நிலை அவற்றுக்கு அதிக மின்னோட்டம் தர வேண்டியிருக்கும்.

பின்னூட்ட முகாமுக்கு எழுந்த மிகப் பெரிய எதிர்ப்பு ஒலித்துறையிலிருந்து வந்தது. பின்லாந்தைச் சேர்ந்த மட்டி ஓட்டலா, 1970இல் வெளியிட்ட கட்டுரையிலும் தொடர்ந்த ஆய்வுகளிலும், மெதுவான பெருக்கியில் பெருமளவு பின்னூட்டம் தருவதே விரைந்து மாறும் இசைச் சமிக்ஞைகளில் நிலைமாற்றத் திரிபை விளைவிக்கிறது என்று வாதிட்டார். அவர் கண்ட நோய்க்குறி உண்மையானது; காரணம் வேறு என்று கருதவே சான்றுகள் இடமளிக்கின்றன. உள்ளீட்டு இணையின் மின்னோட்டத்தால் ஈடுசெய்யும் மின்தேக்கியைப் போதிய வேகத்தில் நிரப்ப முடியாதபோதே இத்திரிபு எழுகிறது. உமிழ்ப்பான் மின்தடையற்ற இணையில், பெருக்கம் ஒன்றாகக் குறையும் அதிர்வெண் 1 மெகாஹெர்ட்ஸ் என்றால், வெளியீடு ஒரு மைக்ரோநொடிக்கு 0.33 வோல்ட் மட்டுமே ஏற முடியும். 20 கிலோஹெர்ட்ஸில் 40 வோல்ட் உச்சம் தேவைப்படும் பெருக்கிக்கோ 5 வோல்ட் வேகம் வேண்டும். இணையின் மின்னோட்டத்தைக் கூட்டி, உமிழ்ப்பான்களில் மின்தடை சேர்த்துவிட்டால், பின்னூட்டத்தின் அளவைக் குறைக்காமலேயே குறை நீங்குகிறது.

பீட்டர் பேக்சாண்டல் 1978இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் முன்வைத்த எதிர்வாதம் நுட்பமானது. சிறிதளவு பின்னூட்டம் முதலில் உயர் வரிசைச் சீரிசைகளைப் பிறப்பித்து நிலைமையை மோசமாக்கக்கூடும் என்றும், அளவு போதிய அளவு பெருகும்போது அவையும் தாழ்ந்துவிடுகின்றன என்றும் அவர் காட்டினார். உமிழ்ப்பான் மின்தடையில் கண்ட கலவை விளைவே இது. பின்னூட்டத்தை அஞ்சுவோரும் ஆதரிப்போரும் இக்கட்டுரையைத் தத்தம் தரப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது ஒரு வேடிக்கை. டக்ளஸ் செல்ஃப் 1993-94இல் எழுதிய தொடர் கட்டுரைகள், வழக்கமான மூன்று நிலை ஆற்றல் பெருக்கியின் ஒவ்வொரு திரிபுக்கும் தனிக் காரணத்தைப் பிரித்துக் காட்டி, உள்ளீட்டு இணையின் இரு பக்க மின்னோட்டங்களைக் கண்ணாடிச் சுற்றால் சமமாக்குவது போன்ற சிறு திருத்தங்களே பெரும் பலன் தருகின்றன என்று நிறுவின. அங்கு உமிழ்ப்பானில் 100 ஓம் சேர்ப்பதால் எழும் இரைச்சல், 1 வோல்ட் அளவிலான உள்ளீட்டின் முன் பொருட்டன்று. அதே மின்தடையை மைக்ரோவோல்ட் தரும் இசைத்தட்டு முள்ளின் முன்பெருக்கியில் வைத்தால் நிலைமை தலைகீழாகும். அனலாக் டிவைசஸின் ஏடி797 செயல்பாட்டுப் பெருக்கி 1 நானோவோல்டுக்குக் குறைவான இரைச்சலையும், 20 கிலோஹெர்ட்ஸில் மைனஸ் 120 டெசிபெல் திரிபையும் ஒன்றாகத் தருவது, ஒலிச் சமிக்ஞைகளின் எல்லைக்குள் பழைய முரண் பெரும்பாலும் தீர்ந்துவிட்டதற்குச் சான்றாகும்.

மின்தடையில்லாப் பின்னூட்டம்

நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் பின்னூட்ட வளையத்தில் வைக்கப் போதிய பெருக்கம் இருப்பதில்லை. அங்கே வேறு வழி வேண்டும். பின்னூட்டத்துக்கு இரைச்சல் சேர்ப்பது மின்தடை என்னும் உறுப்பே என்பதால், மின்தடையின்றிப் பின்னூட்டம் தந்தால் என்ன என்ற எண்ணத்தை டேவிட் நார்ட்டன் 1970களின் நடுவில் செயல்படுத்தினார். பொது அடிவாய் டிரான்சிஸ்டர் ஒன்றின் வெளியீட்டிலிருந்து மின்மாற்றிச் சுருள் வழியே உமிழ்ப்பானுக்குப் பின்னூட்டம் தரப்படுகிறது. சுருள்களின் விகிதம் 1, 5, 3 எனில் 9.5 டெசிபெல் பெருக்கமும், 1, 11, 4 எனில் 12 டெசிபெல்லும் கிடைப்பதோடு, உள்ளீட்டு மின்னெதிர்ப்பும் பொருந்திவிடுகிறது. மின்னோட்டத்தைத் தாராளமாகச் செலவிட்டால் இரைச்சலை ஏற்றாமலேயே வெட்டுப்புள்ளியை உயர்த்த முடிகிறது. கொடுக்கல் வாங்கல் இயற்கை விதியன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஆனால் வெளியீட்டுச் சுமையில் நேரும் மாற்றம் அப்படியே உள்ளீட்டில் தெரிகிறது. அடுத்து ஒரு படிக வடிகட்டி இருந்தால் அதன் மின்னெதிர்ப்பு ஏற்ற இறக்கங்கள் பெருக்கியின் நடத்தையையே மாற்றிவிடுகின்றன. மின்மாற்றி ஒருங்கிணைந்த சுற்றுக்குள் அடங்குவதும் கடினம்.

சிலிக்கான் சில்லுகளுக்குள் இதன் உறவினர், உமிழ்ப்பானுக்கு நிகரான மூல முனையில் மின்தூண்டி வைக்கும் முறையாகும். ஷேஃபரும் லீயும் 1997இல் வெளியிட்ட 1.5 கிகாஹெர்ட்ஸ் சிமாஸ் பெருக்கி 3.5 டெசிபெல் இரைச்சல் எண்ணைக் காட்டி, அத்துறையின் முன்மாதிரியானது. அதன் உள்ளீட்டு ஒத்ததிர்வு டிரான்சிஸ்டரின் வாயிலில் மின்னழுத்தத்தைப் பெரிதாக்குவதால்தான் இரைச்சல் தாழ்கிறது. அதே காரணத்தால் வெட்டுப்புள்ளியும் மைனஸ் 9.3 டிபிஎம் என்ற அளவுக்குத் தாழ்ந்தது.

கழித்து நீக்கும் வழி

பின்னூட்டத்துக்கு முன்பே, 1923இல், பிளாக் வேறொரு வழியைச் சிந்தித்திருந்தார்: பிழையைத் தனியே பிரித்து, பெருக்கி, வெளியீட்டில் கழிப்பது. அக்காலத்தில் நிலைத்து நிற்காத இம்முறை பிற்காலத்தில் கைப்பேசிக் கோபுரங்களின் ஆற்றல் பெருக்கிகளில் பயன்பட்டது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் புருக்கொலேரி, குளும்பெரிங்க், நௌட்டா ஆகியோர் 2004இல் விரிவாக வெளியிட்ட பெருக்கி அதே உணர்வை இரைச்சலுக்கு நீட்டியது. உள்ளீட்டைப் பொருத்தும் டிரான்சிஸ்டரின் இரைச்சல் இரு முனைகளில் ஒரே குறியிலும், சமிக்ஞை எதிரெதிர்க் குறியிலும் தோன்றுவதைப் பயன்படுத்தி, இரைச்சல் கழியவும் சமிக்ஞை கூடவும் செய்தனர். 150 மெகாஹெர்ட்ஸ் முதல் 2 கிகாஹெர்ட்ஸ் வரை இரைச்சல் எண் 2.4 டெசிபெல்லுக்குள் நின்றது. அந்த டிரான்சிஸ்டரின் திரிபும் இரைச்சலைப் போன்றே ஓர் உள்மின்னோட்டம் என்பதால், ஒரே கழித்தலில் அதுவும் போய்விடுகிறது. எஞ்சுவது துணைப் பெருக்கியின் இரைச்சலும் திரிபும். அவற்றைக் குறைக்க அங்கே மின்திறன் செலவாகிறது.

வளைவுகள் எதிர்க்குறியில் அமையுமாறு இரு புலவிளைவு டிரான்சிஸ்டர்களை இணைத்து மூன்றாம் வரிசையை அழிக்கும் வழியும் 1990களில் வந்தது. உயர் அதிர்வெண்ணில் அது ஏன் தடுமாறியது என்பதை அபாரினும் லார்சனும் 2005இல் விளக்கினர்: மூல முனை மின்தூண்டி வழியே திரும்பும் இரண்டாம் வரிசைப் பொருள் மீண்டும் கலப்பதே காரணம். அக்கலவையின் கட்டத்தைத் திருத்தி, 880 மெகாஹெர்ட்ஸில் 1.65 டெசிபெல் இரைச்சல் எண்ணோடு 22 டிபிஎம் வெட்டுப்புள்ளியை எட்டினர். இவ்வகை முறைகள் அனைத்துக்கும் பொதுவான பலவீனம், அழிப்பு இரு பெரிய அளவுகளின் துல்லியமான சமநிலையை நம்பியிருப்பது. சிறு சமிக்ஞைகளில் எட்டும் வெட்டுப்புள்ளி, சமிக்ஞை பெரிதானதும் நிலைப்பதில்லை. எனவே வெளியிடப்படும் எண்களை அவை எந்த உள்ளீட்டு அளவில், எந்த வெப்பநிலையில் பெறப்பட்டவை என்று கேட்டே ஏற்க வேண்டும்.

நாணயமாற்று விகிதம்

ஒரு நிலையை மட்டும் பார்த்து முடிவு சொல்வது தவறாக முடியும். 1944இல் ஃப்ரீஸ் தந்த வாய்பாட்டின்படி, தொடர் பெருக்கிகளில் முதல் நிலையின் இரைச்சலே ஆள்கிறது. திரிபிலோ, முன் நிலைகளின் பெருக்கத்தைச் சுமக்கும் கடைசி நிலையே ஆள்கிறது. முதல் நிலைக்குத் தேவைக்கு மேல் பெருக்கம் கொடுத்து, பின்னால் வரும், அதிர்வெண்ணை மாற்றும் மிக்சரைத் திணறடிப்பது வானொலி வடிவமைப்பின் மிகப் பரவலான தவறு. 1 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 2 டெசிபெல் இரைச்சல் எண்ணும் சுழி டிபிஎம் வெட்டுப்புள்ளியும் உள்ள ஏற்பிக்குத் திரிபற்ற இயங்கு வீச்சு சுமார் 75 டெசிபெல்; இரைச்சல் எண்ணில் குறைக்கும் ஒரு டெசிபெல்லும் வெட்டுப்புள்ளியில் கூட்டும் ஒரு டெசிபெல்லும் அதில் சமமாக மூன்றில் இரு பங்கே பயன் தருகின்றன. வளிமண்டல இரைச்சல் ஆளும் குறைந்த சிற்றலைப் பட்டைகளில் இரைச்சல் எண்ணைத் துரத்துவதில் பொருளில்லை என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

எல்லாத் தந்திரங்களையும் நீக்கிப் பார்த்தால், எஞ்சும் உண்மையான நாணயம் மின்திறன் எனத் தோன்றுகிறது. 1 மில்லிஆம்பியரில் இயங்கும் டிரான்சிஸ்டரில் சமிக்ஞை அந்த மின்னோட்டத்தை முழுவதும் பயன்படுத்தினாலும், 20 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் ஷாட் இரைச்சல் விதிக்கும் உச்ச விகிதம் 109 டெசிபெல். உமிழ்ப்பான் மின்தடையில் 1 வோல்ட் விழவிட்டால் அது 122 டெசிபெல்லுக்கு அருகே செல்கிறது. மின்திறன் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபெல் கூடும். இக்கணக்கு மின்தடையால் அமைந்த சுற்றுக்கே பொருந்தும். நார்ட்டன் வகைச் சுற்றுகளுக்கும் கழித்தல் முறைகளுக்கும் நிகரான பொதுவான எல்லை எது என்பதில் இன்னும் உடன்பாடில்லை.

திறந்து நிற்பவை

ஒலித்துறையில் எஞ்சியிருக்கும் கேள்வி சுற்றைவிடக் காதைப் பற்றியது: மொத்தச் சீரிசைத் திரிபு என்ற ஒற்றை எண், கேட்போர் உணரும் குறைபாட்டோடு நன்கு பொருந்துவதில்லை, அதற்கு மாற்றாக முன்மொழியப்பட்ட அளவைகள் எதுவும் பொது ஏற்பைப் பெறவில்லை. வானொலியில் கேள்வி திசை மாறியிருக்கிறது. முதலில் குறை இரைச்சல் பெருக்கி வேண்டுமா என்றே கேட்டு, சமிக்ஞையை நேரே மிக்சருக்குத் தரும் ஏற்பிகளை கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூசும் மோல்னரும் 2010இல் முன்வைத்தனர். நேரியல்பில் பெரும் ஆதாயம் தந்தாலும், அவை இரைச்சலில் சிறந்த பெருக்கிகளை முழுமையாக ஈடுசெய்யவில்லை. திரிபை இலக்கமுறையில் பின்னர் கழிக்கும் முயற்சிகள், கணிப்பின் மின்திறன் செலவையும் கணக்கில் சேர்த்தால் எவ்வளவு லாபம் என்பதில் வேறுபட்ட முடிவுகளையே தருகின்றன.

இவ்விரு தேவைகளும் தளர்வின்றி மோதும் இடம் வானொலி வானியல். உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் 1970 முதல் வானைக் கேட்டு வருகிறது. 1990களில் அதன் 1,056 இருமுனை அலைவாங்கிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் தனித்தனிக் குறை இரைச்சல் பெருக்கி வைக்கப்பட்டது. அத்தகைய கருவிகளில் இரைச்சலை வானமும், தேவைப்படும் வெட்டுப்புள்ளியை அருகிலுள்ள மனிதர்களின் ஒலிபரப்பிகளும் நிர்ணயிக்கின்றன; முன்னது மாறுவதில்லை, பின்னது கூடிக்கொண்டே போகிறது. ஆகவே இனிவரும் வடிவமைப்புகளில் இரைச்சலில் மேலும் ஒரு பின்ன டெசிபெல்லைத் தேடுவதைவிட நேரியல்பில் பத்து டெசிபெல்லைத் தேடுவதே பயன்மிக்கது என்று சொல்ல இடமிருக்கிறது.